காசநோய் மருந்துக்கு அடங்காத நெறிகட்டி: கிருமியின் பெயரைக் கேட்டுப் பெறுவது எப்படி?

கழுத்தின் இருபக்கமும் நெறி கட்டியிருக்கிறது. மாலையானால் காய்ச்சல். ஆள் இளைத்துக்கொண்டே போகிறார். வீங்கிய நிணநீர்க் கணுவிலிருந்து சிறிது திசு எடுத்துப் பார்த்துக் காசநோய் என்று சொல்லி மருந்து தொடங்கிவிட்டார்கள். மாத்திரை ஒரு நாள் தவறவில்லை. ஆனாலும் மாதங்கள் கடந்து கட்டி கரையவில்லை. புதிதாக எலும்பில் வலி, தோலில் கொப்புளம் என்று நோய் இடம் மாறி இடம் தாவுகிறது. சர்க்கரை இல்லை, எச்.ஐ.வி. இல்லை, அதுவரை மருத்துவமனை வாசலையே மிதிக்காத நாற்பது ஐம்பது வயதுக்காரர். இப்படி ஒருவர் உங்கள் வீட்டில் இருந்தால் இதைப் படியுங்கள்.

நான் மருத்துவர் அல்ல. மைக்கோபாக்டீரியா ஆய்வகத்தில் சளியையும் திசுவையும் வாங்கி, கல்ச்சர் போட்டு, குழாயில் முளைப்பது எது என்று பார்த்துச் சொல்லும் வேலையில் இருப்பவள். எந்த மருந்தை எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவர் சரியாகச் சொல்ல வேண்டுமானால் கிருமியின் பெயர் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தப் பெயர் பெரும்பாலும் தொலைவது ஆய்வகத்துக்கு வரும் வழியில்தான். அதைத் தொலையாமல் காப்பதில் குடும்பத்தாரால் ஆகக்கூடியது நிறைய இருக்கிறது.

முதலில் சந்தேகம் வர வேண்டும்

காசநோயை உண்டாக்கும் மைக்கோபாக்டீரியத்துக்கு உறவுக்காரக் கிருமிகள் ஏறக்குறைய 200 இனங்கள் உள்ளன. மண்ணிலும் குழாய்த் தண்ணீரிலும் வாழ்பவை. காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா என்று இவற்றைச் சொல்கிறோம். மருத்துவமனைகளில் சுருக்கமாக என்.டி.எம். என்பார்கள். குழாய்க்குள் வழவழப்பாகப் படியும் படலத்தில் இவை ஒட்டிக்கொண்டு கிடக்கும்; குடிநீரில் போடும் குளோரின் அளவுக்கு எளிதில் சாவதில்லை. நாம் எல்லோரும் தினமும் இவற்றோடுதான் குளிக்கிறோம், குடிக்கிறோம். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை.

நம் ஊருக்கும் இவற்றுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1968இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பி.சி.ஜி. தடுப்பூசியைச் சோதிக்கும் மாபெரும் ஆய்வு தொடங்கியது. நுரையீரல் காசநோயை அந்த ஊசி அங்கே தடுக்கவில்லை. மண்ணிலும் நீரிலும் உள்ள இந்த உறவுக்காரக் கிருமிகளோடு மக்களுக்கு முன்பே பழக்கம் ஏற்பட்டிருந்ததுதான் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று இன்றுவரை பேசப்படுகிறது.

உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகள். மாதிரியைக் கண்ணாடித் தகட்டில் தடவிச் சாயமேற்றிப் பார்க்கும் ஸ்மியர் அறிக்கையில் 'ஏ.எஃப்.பி. பாசிட்டிவ்' என்று இருந்தால் அதற்குப் பொருள் 'இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒன்று இருக்கிறது' என்பது மட்டுமே. பயாப்சி அறிக்கையில் 'கிரானுலோமா (அழற்சி அணுக்கள் திரண்ட முடிச்சு), காசநோயுடன் பொருந்துகிறது' என்று எழுதியிருந்தாலும் நிலைமை அதுதான். திசுவின் தோற்றத்தை வைத்துக் கிருமியைப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆகவே மருத்துவ அறிக்கைகள் உள்ள கோப்பை எடுத்துவைத்துக்கொண்டு இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று ஸ்மியர். மற்றொன்று சிபிநாட் அல்லது ட்ரூநாட் என்ற மரபணுச் சோதனை. சிபிநாட் காசநோய்க் கிருமியின் மரபணுவை மட்டுமே தேடும். உறவுக்காரக் கிருமிகள் அதன் கண்ணில் படாது. ஒரே மாதிரியில் ஸ்மியர் பாசிட்டிவ், சிபிநாட் நெகட்டிவ் என்று வந்திருந்தால் அதை யாராவது விளக்கியே ஆக வேண்டும். "இரண்டும் ஏன் ஒத்துப்போகவில்லை, ஐயா?" என்று மருத்துவரிடம் பணிவாக, ஆனால் விடாமல் கேளுங்கள். என்னைக் கேட்டால், இந்த ஒரு கேள்வியைக் கேட்பதற்காகவே தனியாக ஒரு முறை மருத்துவமனைக்குப் போய்வரலாம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கட்டி கரையவில்லை என்றதும் காசநோய் இல்லை என்று முடிவுகட்டி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உண்மையான காசநோயிலும் சிகிச்சையின் நடுவில் கணுக்கள் வீங்குவது உண்டு. மருந்துக்கு எதிர்ப்புப் பெற்ற காசநோயாக இருக்கலாம். நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம். பெட் ஸ்கேனில் எல்லாம் ஒன்று போலத்தான் ஒளிரும். நம் நாட்டில் காசநோய்தான் அதிகம் என்பதால் முதலில் அதை நினைப்பது நியாயம். பெயர் உறுதிப்படாமல் அதிலேயே நின்றுவிடுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

மாதிரி எடுக்கும் நாள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எங்கள் மேசைக்கு வரும் திசுக்களில் மனத்தை நோகடிப்பவை, திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் மிதந்து வருபவை. அறுவை சிகிச்சை அரங்கில் கணுவை எடுத்ததும் பழக்கதோஷத்தில் அப்படியே ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடுகிறார்கள். நோய்க்கூறு நிபுணருக்கு அது தேவைதான். ஆனால் ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். செத்த கிருமி முளைக்காது. நோயாளி கத்தி பட்டு, தையல் போட்டு, காசு கட்டி எடுத்த திசுவிலிருந்து எங்களால் ஒன்றையும் வளர்க்க முடியாமல் போகிறது.

எனவே பயாப்சிக்கு முந்தின நாளே அறுவை மருத்துவரிடமோ வார்டு சிஸ்டரிடமோ இப்படிக் கேளுங்கள்: "திசுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஃபார்மலினிலும், மறுபாதியை ஃபார்மலின் இல்லாமல் கிருமிநீக்கிய குப்பியில் சில சொட்டு நார்மல் சலைனோடும் அனுப்புவீர்களா?" ஒரு தாளில் எழுதி நோயாளியின் கோப்பின் மேலட்டையில் ஒட்டிவிட்டால் இன்னும் நல்லது. அரங்கில் உள்ளவர்களுக்கு நூறு வேலை, தாள் நினைவூட்டும்.

சீழ் இருந்தால் பஞ்சுக் குச்சியில் ஒற்றி அனுப்புவதைவிட, சிரிஞ்சில் உறிஞ்சிக் குப்பியில் அனுப்புவது நல்லது. பஞ்சுக் குச்சியில் ஏறும் அளவு மிகக் குறைவு. எலும்பு மஜ்ஜை எடுப்பதாக இருந்தால் ஸ்லைடோடு நிறுத்தாமல் மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கும் அனுப்பச் சொல்லுங்கள். இரத்தத்துக்கு மைக்கோபாக்டீரியாவுக்கென்றே தனிக் குப்பி இருக்கிறது. ஐந்து நாளில் முடிவு சொல்லும் சாதாரண இரத்தக் கல்ச்சரில் மெதுவாக வளரும் இனங்களைப் பிடிக்க முடியாது. நோய் உடலெங்கும் பரவியிருக்கிறதா என்பதற்கு இரத்தத்திலும் மஜ்ஜையிலும் கிடைக்கும் சான்றுக்கு நிகர் இல்லை.

சளி கொடுப்பவர்கள் கவனிக்க: விடியற்காலைச் சளி, அடி மார்பிலிருந்து இருமி எடுத்தது. அதற்கு முன் வாய் கொப்பளிப்பதைக் கொதிக்கவைத்து ஆறிய நீரில் செய்யுங்கள். குழாய்த் தண்ணீரில் இந்தக் கிருமிகள் இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? அதில் கொப்பளித்துவிட்டுத் துப்பினால் தண்ணீரில் இருந்ததும் சேர்ந்து முளைத்துவிடலாம். இதனால்தான் சளியில் ஒரே ஒரு முறை என்.டி.எம். வளர்ந்தால் அதை நோய் என்று உடனே ஏற்பதில்லை. வேறு வேறு நாள் கொடுத்த சளிகளில் குறைந்தது இரண்டில் அதே இனம் வர வேண்டும் என்று எதிர்பார்ப்போம். இரத்தம், மஜ்ஜை, ஆழத்தில் உள்ள கணு ஆகியவற்றுக்கு இந்த நிபந்தனை கிடையாது. அங்கே வேறு எந்தக் கிருமியும் இருக்கக்கூடாது என்பதால் ஒரு முறை வளர்ந்தாலே அது பெரிய செய்தி.

எடுத்த மாதிரி அன்றே ஆய்வகம் வந்து சேரட்டும். முடியாவிட்டால் சளியையும் திசுவையும் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்கலாம், உறைய விடக்கூடாது. இரத்தக் கல்ச்சர் குப்பியைக் குளிரில் வைக்கவே கூடாது. தோலில் உள்ள புண்ணிலிருந்து எடுத்திருந்தால் அதை விண்ணப்பத்தில் எழுதுங்கள். சில இனங்கள் 30 டிகிரியில்தான் நன்றாக வளரும். மைக்கோபாக்டீரியம் ஹீமோஃபிலம் என்பதற்குக் கிருமியை வளர்க்கும் ஊடகத்தில் இரும்புச் சத்தும் சேர்க்க வேண்டும். 'தோல்' என்று எழுதியிருந்தால்தான் எங்களுக்கு அந்த யோசனை வரும்.

இடையில் காய்ச்சலுக்கென்று மருந்துக் கடையில் அசித்ரோமைசின் வாங்கிப் போட வேண்டாம். இந்தக் கிருமிகள் பலவற்றுக்கு எதிரான முதன்மை ஆயுதமே அந்தக் குடும்பத்து மருந்துதான். அதைத் தனியாக, அரைகுறையாகக் கொடுத்தால் கிருமி எதிர்ப்புப் பெற்றுவிடும். பிறகு மருத்துவருக்குக் கையில் மிஞ்சுவது கொஞ்சமே.

காத்திருக்கும் வாரங்கள்

எம்.ஜி.ஐ.டி. என்ற திரவக் கல்ச்சரில் ஒரு குழாயை 42 நாள் வரை வைத்துப் பார்ப்போம், எல்.ஜே. என்ற பச்சை நிறத் திட ஊடகத்தில் எட்டு வாரம். வேகமாக வளரும் அப்ஸெசஸ் போன்ற இனங்கள் திட ஊடகத்தில் ஏழு நாளுக்குள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஏவியம் குடும்பத்துக்கு வாரக்கணக்காகும். பத்தாம் நாள் வந்து 'ஒன்றும் வரவில்லையா அக்கா?' என்று முகம் வாடி நிற்பவர்களிடம் நான் சொல்வது: இன்னும் குழாய் மூடவில்லை.

கிருமி முளைத்ததும் ஒரு சிறிய அட்டைச் சோதனை செய்வோம். காசநோய்க் கிருமி வெளிவிடும் ஒரு புரதத்தைத் தேடுவது அது. கோடு விழாவிட்டால் என்.டி.எம். ஆக இருக்க வாய்ப்பு அதிகம். பல ஆய்வகங்கள் இங்கேயே நிறுத்திக்கொண்டு 'என்.டி.எம். வளர்ந்துள்ளது' என்று அறிக்கை கொடுத்துவிடுகின்றன. அதை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். எந்த இனம் என்று கேளுங்கள். லைன் புரோப், மேல்டி-டாஃப், மரபணு வரிசை வாசித்தல் என்று வழிகள் இருக்கின்றன. அங்கே வசதி இல்லையென்றால் வளர்ந்த கிருமியை மேல்நிலை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். சென்னை சேத்துப்பட்டில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்ட மேல்நிலை மேற்கோள் (ரெஃபரன்ஸ்) ஆய்வகம். அங்கே இதற்கு வழி உண்டா என்று உங்கள் மருத்துவர் மூலம் விசாரிக்கலாம்.

இனம் தெரிவதால் என்ன ஆகிவிடும்? எல்லாமே ஆகும். கான்சாசி என்ற இனம் ரிஃபாம்பிசினுக்கு நன்றாக அடங்கும். ஏவியத்துக்குக் கிளாரித்ரோமைசின் அல்லது அசித்ரோமைசினோடு எத்தாம்ப்யூட்டாலும் ரிஃபாம்பிசினும் சேர்ப்பது வழக்கம். அப்ஸெசஸுக்கோ வழக்கமான காசநோய் மாத்திரைகள் பயன்படுவதே இல்லை. அமிகாசின், இமிபெனம் என்று ஊசி மருந்துகளை நாட வேண்டிவரும். அப்ஸெசஸில் ஒரு சூதும் உண்டு. கிளாரித்ரோமைசினுக்கு மூன்றாம் நாள் அடங்குவது போலத் தோன்றிவிட்டு, பதினான்காம் நாள் எதிர்ப்பைக் காட்டும். அதற்குக் காரணமான மரபணு அதற்குள் உறங்கிக் கிடக்கிறது. ஆகவே அந்த அறிக்கையில் 14 நாள் வாசிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

அதோடு ஒரு விண்ணப்பம். அறிக்கை போனபின் சில காலம் கழித்து வளர்ந்த கிருமிகளைக் கொன்று அப்புறப்படுத்துவது எந்த ஆய்வகத்திலும் நடைமுறை. உங்கள் வீட்டு நோயாளியின் கிருமியைப் பாதுகாத்து வைக்கும்படி எழுத்தில் கேட்டு, அதன் ஆய்வக எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓராண்டு கழித்து வேறு ஊர் நிபுணர் புதிய மருந்துக்குச் சோதிக்கக் கேட்டால், அந்தக் குழாய் இருப்பதும் இல்லாததும் பெரிய வித்தியாசம்.

அடுத்த கேள்வி: இவருக்கு ஏன்?

நாம் எல்லோரும் அதே தண்ணீரில் குளிக்கும்போது இவர் உடலில் மட்டும் அது ஏன் பரவியது? கிருமியின் பெயர் கிடைத்த மகிழ்ச்சியில் இந்தக் கேள்வியை விட்டுவிடுகிறார்கள். விடக்கூடாது.

எச்.ஐ.வி. சோதனையும், நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களில் ஒரு வகையான சி.டி.4 எண்ணிக்கையும் முதல். எச்.ஐ.வி. இல்லாமலேயே சி.டி.4 குறைந்திருப்பவர்களும் உண்டு. மூட்டுவாதத்துக்கோ சொரியாசிஸுக்கோ ஊசி போட்டுக்கொண்டாரா, ஸ்டீராய்டு மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டாரா, நாட்டு மருந்து என்று பெயர் தெரியாத பொடி ஏதாவது உண்டாரா என்று யோசித்துப் பட்டியல் எழுதுங்கள். இதய அறுவை சிகிச்சை நடந்திருந்தால் எத்தனை ஆண்டு முன்பு என்றாலும் சொல்லுங்கள். அறுவையின்போது இரத்தத்தைச் சூடாக்கிக் குளிர்விக்கும் கருவியின் நீரிலிருந்து கைமீரா என்ற இனம் காற்றில் பரவி, பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்பட்டதை 2015 வாக்கில் ஐரோப்பாவில் கண்டறிந்தார்கள்.

சாதாரண இரத்தப் பரிசோதனையில் மோனோசைட் (வெள்ளணுவில் ஒரு வகை) என்று ஒரு வரி இருக்கும். யாரும் திரும்பிப் பார்க்காத வரி அது. பழைய அறிக்கைகளிலும் தொடர்ந்து பூஜ்யமாகவோ அதற்கு அருகிலோ இருந்தால் மருத்துவருக்குக் காட்டுங்கள். காட்டா-2 என்ற மரபணுவின் குறை, ஹேரி செல் என்ற இரத்தப் புற்று ஆகிய இரண்டிலும் இப்படி இருக்கும். இரண்டிலும் இந்தத் தொற்று உடலெங்கும் பரவக்கூடும்.

இவை எதுவுமே இல்லை என்றால்தான் நான் மிகவும் அக்கறை கொள்ளும் காரணத்துக்கு வருகிறோம். நம் வெள்ளணுக்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் ஓலைகளில் ஒன்று இன்டர்ஃபெரான் காமா. மைக்கோபாக்டீரியாவை விழுங்கிய அணுவுக்கு 'அதைக் கொல்' என்று ஆணை கொண்டுபோவது அதுதான். சிலர் உடலில், நடுவயதில், அந்த ஓலையை வழியிலேயே பறித்துக் கிழிக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) உருவாகிவிடுகிறது. ஓலை போய்ச் சேராததால் விழுங்கிய கிருமி சாவதில்லை. 2004இல் இப்படிப்பட்ட நோயாளிகள் பற்றிய முதல் அறிக்கைகள் வந்தன. 2012இல் தாய்லாந்திலும் தைவானிலும் 203 பேரிடம் நடந்த ஆய்வு இதைத் தெளிவாக்கியது: எச்.ஐ.வி. இல்லாமல், பரவிய என்.டி.எம். தொற்றோ அதுபோன்ற பிற சந்தர்ப்பவாதத் தொற்றுகளோ வந்தவர்களில் 88 விழுக்காட்டினரிடம் இந்த எதிர்ப்பொருள் இருந்தது. தென்கிழக்கு, கிழக்கு ஆசியாவில் பிறந்தவர்களிடம் அதிகம் காணப்படுவதால் தாய்லாந்து மருத்துவர்கள் இருபுறக் கழுத்து நெறியைக் கண்டதுமே இதை நினைக்கிறார்கள். இங்கே அந்த நினைப்பு தாமதமாகத்தான் வருகிறது.

இதைக் காட்டிக்கொடுக்கும் சில தடயங்கள் உங்கள் கோப்பிலேயே இருக்கலாம். காலிலோ கையிலோ திடீரென்று கிளம்பி அடங்கும் சிவந்த, வலிக்கும் தடிப்புகளும் சீழ்க்கொப்புளங்களும் ஒன்று. அக்கி வந்து போயிருப்பது ஒன்று. டைஃபாய்டு அல்லாத சால்மொனெல்லா இரத்தத்தில் வளர்ந்திருப்பது, மெலியாய்டோசிஸ் என்ற பாக்டீரியாத் தொற்று, டாலரோமைசிஸ், கிரிப்டோகாக்கஸ் என்ற பூஞ்சைகள் ஆகியவை இன்னும் வலுவான தடயங்கள். எனக்குப் பிடித்தது வேறொன்று: குவான்டிஃபெரான் என்ற இரத்தச் சோதனை 'முடிவு சொல்ல இயலவில்லை' என்று திரும்பத் திரும்ப வருவது. அந்தச் சோதனை அளப்பதே இன்டர்ஃபெரான் காமாவைத்தான். எதிர்ப்பொருள் அதை மறைத்துவிடுவதால், கட்டாயம் உயர வேண்டிய ஒப்பீட்டுக் குழாய்கூட உயராது. சோதனை பழுது என்று தூக்கிப்போடும் அந்தக் காகிதத்தில் விடை இருக்கலாம்.

எதிர்ப்பொருளை நேரடியாக அளக்கும் ஆய்வகங்கள் சிலவே. நோயெதிர்ப்பு ஆராய்ச்சி நடக்கும் பெரிய நிறுவனங்களில் விசாரிக்க வேண்டும். இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியான சீரத்தைப் பிரித்து உறையவைத்து அனுப்பலாம் என்பதால் நோயாளி பயணம் போக வேண்டியதில்லை.

நீண்ட சிகிச்சையோடு வாழ்வது

ஓராண்டுக்குக் குறையாது, பலருக்கு அதைவிட வெகுநாள் நீளும். எத்தாம்ப்யூட்டால் சாப்பிடும்வரை மாதம் ஒரு முறை கண் பார்வையையும் நிறம் பிரித்தறிவதையும் சோதியுங்கள். சிவப்பும் பச்சையும் மங்கினால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அமிகாசின் ஊசி என்றால் தொடங்குமுன்பே செவித்திறனையும், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். காதில் இரைச்சல், நடையில் தள்ளாட்டம் ஆகியவற்றை வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடாதீர்கள். ரிஃபாம்பிசின் பல மருந்துகளின் வலிமையைக் குறைக்கும்: சர்க்கரை மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை. கிளாரித்ரோமைசின் கொழுப்பைக் குறைக்கும் சில மாத்திரைகளின் வலிமையை ஆபத்தான அளவுக்குக் கூட்டும். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டுவதே போதும்.

எதிர்ப்பொருள் உறுதியான சிலருக்கு, கிருமி மருந்து மட்டும் போதாதபோது, அதை உண்டாக்கும் அணுக்களைக் குறைக்க ரிட்டுக்ஸிமாப் தருகிறார்கள். அதற்கு முன் ஹெபடைட்டிஸ் பி சோதனை கட்டாயம். உறங்கும் அந்த வைரஸ் இந்த மருந்தால் விழித்துக்கொள்ளும்.

வீட்டாருக்கு ஒரு வார்த்தை. காசநோய் இல்லை என்று உறுதியானபின் தட்டு, டம்ளர், படுக்கை எதையும் பிரித்துவைக்கத் தேவையில்லை. பரவிய என்.டி.எம். தொற்று உள்ளவரிடமிருந்து வீட்டாருக்கு அது ஒட்டுவதில்லை. பேரக் குழந்தையைத் தூக்கிக் கொஞ்சலாம். இதை அவரிடம் நேரிலேயே சொல்லுங்கள். மாதக்கணக்கில் ஒதுங்கி உட்கார்ந்து பழகியவர் தானாகக் கேட்க மாட்டார்.

மருந்து முடிந்து நன்றாக இருக்கும் காலத்தில் மறுபடி நெறி கட்டினால் பழைய நோயே திரும்பியது என்று எண்ணிப் பழைய சீட்டிலுள்ள மாத்திரையை வாங்கித் தொடங்க வேண்டாம். எதிர்ப்பொருள் இருப்பவருக்கு அடுத்த முறை வருவது வேறு இனமாக இருக்கலாம், சால்மொனெல்லாவாக இருக்கலாம், உண்மையான காசநோயாகவும் இருக்கலாம். புதிய மாதிரி எடுக்கச் சொல்லுங்கள்; பாதி ஃபார்மலின் இல்லாமல். விண்ணப்பத்தில் பழைய கிருமியின் ஆய்வக எண்ணையும் எழுதிக் கொடுங்கள். எடுத்து வைத்திருக்கும் குழாயோடு ஒப்பிட்டுப் பார்த்து, வந்திருப்பது பழையதா புதியதா என்று எங்களால் சொல்ல முடியும்.